முதல் வசந்தத்தின் 28 நாட்கள்: கன்சோலில் ஸ்டார்டியூ வேலி ஆடத் தொடங்குபவர்களுக்கு

ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடியும். நம் கடிகாரத்தில் அது சுமார் 14 நிமிடம். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதறுவார்கள். ஆனால் முதல் சீசனில் நேரம் தீருவதற்கு வெகுநேரம் முன்பே வேறொன்று தீர்ந்துவிடும். திரையின் வலது கீழ் மூலையில் செங்குத்தாக ஒரு பச்சைப் பட்டை நிற்கிறதே, அந்த எனர்ஜிதான். நான் அதைத் தெம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். காலை 11 மணிக்கெல்லாம் தெம்பு காலி, மீதி நாள் முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்லித்தான் பலர் இரண்டாவது வாரத்திலேயே ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்கத் தெம்பை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பற்றித்தான்.

கணக்கு எளிது. ஆரம்பத்தில் உங்களிடம் 270 தெம்பு இருக்கும். மண்வெட்டி, கோடாலி, பிக்காஸ், பூவாளி, இந்த நான்கில் எதை ஒருமுறை வீசினாலும் 2 குறையும். மீன் தூண்டிலை ஒருமுறை எறிந்தால் 8. அரிவாளுக்கும் வாளுக்கும் ஒன்றும் குறையாது. நடப்பது, பேசுவது, தரையில் கிடப்பதைப் பொறுக்குவது, விளைந்ததைப் பறிப்பது, கடைக்குப் போவது எல்லாமே இலவசம். ஒரு மரத்தை அடிக்கட்டை வரை வெட்டிச் சாய்க்க முதல் கோடாலியால் பதினைந்து வெட்டு வேண்டும், அதாவது 30 தெம்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஆட்டம் பிடிபட்டுவிடும்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் படம், இசை, கதை, நிரல் என்று எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் கணினிக்கு வெளியிட்டார். அதே வருட இறுதியில் பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வந்தது, 2017 அக்டோபரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு. 1.6 என்ற பெரிய அப்டேட் கன்சோல்களுக்கு 2024 நவம்பரில் கிடைத்தது. தாத்தா விட்டுச்சென்ற பாழடைந்த பண்ணைக்கு நீங்கள் குடிவருகிறீர்கள், பயிர் செய்கிறீர்கள், ஊர்க்காரர்களோடு பழகுகிறீர்கள். தோற்பது என்று ஒன்று இதில் இல்லை. மெனுக்கள் தமிழில் கிடையாது, அதனால் திரையில் வரும் பெயர்களை உச்சரிப்புப்படியே எழுதியிருக்கிறேன்.

நான் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் முக்கியமானது. அதுவரை அவர் கையில் கன்ட்ரோலரையே பிடித்ததில்லை. கீழே சொல்வதில் பாதி அவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது.

கன்ட்ரோலரைப் பழக்குவது

பண்ணையில் கால் வைத்ததும் விதைப்பையைத் திறக்க வேண்டாம். மெனுவுக்குள் போய் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, 'ஆல்வேஸ் ஷோ டூல் ஹிட் லொகேஷன்' என்ற வரியைத் தேடி டிக் செய்யுங்கள். இனி உங்கள் கருவி எந்தக் கட்டத்தில் விழப்போகிறது என்பதைத் திரையில் ஒரு சிவப்புச் சதுரம் காட்டும். கணினியில் ஆடுகிறவர்களுக்கு மவுஸ் இருக்கிறது, நமக்கு இந்தச் சதுரம்தான் கண். இது இல்லாமல் ஆடினால் தண்ணீர் வெறும் தரையில் விழும், பிக்காஸ் விளைந்துகொண்டிருக்கும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடும். ஒவ்வொரு தவறான வீச்சுக்கும் 2 தெம்பு போகும்.

அதே பக்கத்தில் ஜூம் அளவும் யூஐ அளவும் இருக்கும். டிவி தூரத்தில் இருந்தால் யூஐ அளவைக் கொஞ்சம் கூட்டி, ஜூமைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எழுத்து பெரிதாகத் தெரியும், பண்ணையும் அகலமாகத் தெரியும்.

பட்டன்கள்: கருவியைப் பயன்படுத்த பிளேஸ்டேஷனில் சதுரம், எக்ஸ்பாக்ஸில் எக்ஸ், ஸ்விட்சில் ஒய். பேச, பறிக்க, கதவைத் திறக்க முறையே பெருக்கல் குறி, ஏ, ஏ. கீழே இருக்கும் பொருள் வரிசையில் இடம் வலமாக நகர பின்பக்க ட்ரிக்கர்கள். இவ்வளவு போதும், மற்றவை ஆட ஆட வந்துவிடும்.

அம்மாவுக்கு வந்த சிக்கல் வேறு. ஸ்டிக்கை லேசாகத் தள்ளினாலே ஆள் இரண்டு கட்டம் தாண்டிப் போய் நிற்பான். திரும்பி வந்தால் மறுபக்கம் இரண்டு கட்டம் தாண்டிவிடும். பார்ஸ்னிப் என்ற ஒரு கிழங்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவர் அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் நான்கு திசைப் பட்டன்களால் நடக்கச் சொன்னேன். அன்றே சரியாகிவிட்டது. செடி வேலைக்குத் திசைப் பட்டன், ஊருக்குள் ஓடுவதற்கு ஸ்டிக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான செடிகளுக்கு ஊடே நடக்கலாம் என்பதால், ஒரு வரிசையின் முனையில் நின்று முன்னால் இருக்கும் கட்டத்துக்கு ஊற்றி, ஒரு அடி வைத்து, அடுத்ததற்கு ஊற்றி என்று நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இதற்கு விதிவிலக்கு கிரீன் பீன்ஸ் மாதிரிப் பந்தலில் ஏறும் பயிர்கள். அவற்றுக்குள் நடக்க முடியாது. மூன்று வரிசை சேர்ந்தாற்போல் நட்டால் நடு வரிசைக்குக் கை எட்டாமல் போகும். பந்தல் பயிரை எப்போதும் ஒன்று அல்லது இரண்டு வரிசையாக, பக்கவாட்டில் வழி விட்டு நடுங்கள்.

இன்னொன்று. கையில் பரிசாகக் கொடுக்கக்கூடிய பொருள் தேர்வாகி இருக்கும்போது யாரிடமாவது பேசும் பட்டனை அழுத்தினால், அந்தப் பொருள் கேள்வி கேட்காமல் அவரிடம் போய்விடும். ஊருக்குள் நுழையும் முன் ட்ரிக்கரைத் தட்டி ஏதாவது ஒரு கருவிக்கு மாற்றிவிடுவது நல்ல பழக்கம்.

எந்தப் பண்ணை

ஆரம்பத்தில் பண்ணை வரைபடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். முதல் முறைக்கு ஸ்டாண்டர்ட் பண்ணைதான். நிறைய உழவு நிலம், பூவாளி நிரப்பப் பக்கத்தில் குளம். பீச் பண்ணை பார்க்க அழகு, ஆனால் அதன் பெரும்பகுதி மணல், அங்கே ஸ்ப்ரிங்க்ளர் (தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) வேலை செய்யாது. அதை இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நாள்

முதல் நாள் கையில் 500 கோல்டும், வீட்டுக்குள் ஒரு பொட்டலத்தில் 15 பார்ஸ்னிப் விதையும் இருக்கும். பதினைந்து குழிக்கு 30 தெம்பு, தண்ணீருக்கு 30, ஆக 60. மீதி 210. அதில் நாலைந்து மரம் வெட்டுங்கள். 50 மரக்கட்டை சேர்ந்ததும் ஒரு பெட்டி செய்து வீட்டு வாசலில் வையுங்கள். இது ஏன் அவசரம் என்றால், உங்கள் பையில் இருப்பது 12 இடம். கருவிகளே ஐந்தைப் பிடித்துக்கொள்ளும், சில நாளில் தூண்டிலும் வாளும் சேர்ந்தால் ஏழு. மிஞ்சுவது ஐந்தே இடம். பெட்டி இல்லாவிட்டால் நல்ல பொருட்களைக் கீழே போட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஊரில் பியர் (Pierre) என்பவர் நடத்தும் விதைக் கடை காலை 9 மணிக்குத் திறக்கும். முதல் நாளே போய் மேலும் கொஞ்சம் விதை வாங்குங்கள், ஆனால் 500ஐயும் அங்கேயே கொட்ட வேண்டாம். பூவாளியை ஒருமுறை நிரப்பினால் 40 கட்டத்துக்கு வரும், அதற்கு 80 தெம்பு ஆகும். முதல் பத்து நாளில் அந்த நாற்பது வரை போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முதல் நாளே இன்னும் 25 விதை வாங்கி நட்டு, தினமும் காலையில் தெம்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீருக்கே கொடுத்துவிட்டு, சுரங்கத்துக்கும் மீனுக்கும் போதிய மிச்சமில்லாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது செடி அளவாக இருக்கும்.

இரண்டாம் நாள் காலை தபால் பெட்டியில் மீனவர் வில்லியின் கடிதம் வரும். 9 மணிக்கு மேல் கடற்கரைக்குப் போனால் மூங்கில் தூண்டில் கொடுப்பார்.

மூன்றாம் நாள் முதல் வருடத்தில் எப்போதும் மழை. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, 270உம் உங்கள் கையில். அன்று புதன்கிழமை, பியர் கடை விடுமுறை. ஒவ்வொரு புதனும் அப்படித்தான், 3, 10, 17, 24 ஆகிய தேதிகளை நினைவில் வையுங்கள். மழை நாளை மரத்துக்கும் கல்லுக்கும் கொடுங்கள், அல்லது முழுக்க மீனுக்குக் கொடுங்கள். இரண்டையும் பாதிப் பாதி செய்வது எனக்குப் பிடிக்காது. ஒரு நாளில் ஒரு பெரிய வேலை என்று வைத்துக்கொண்டால் மனசுக்கும் அமைதி, கணக்கும் தெளிவு.

ஐந்தாம் நாள் முதல் பதினைந்து பார்ஸ்னிப்பும் தயார். அவற்றைப் பறித்ததுமே விவசாயத் திறன் முதல் லெவலைத் தொடும், அன்று இரவு தூங்கும்போது சோளக்கொல்லை பொம்மை செய்யும் முறை கிடைக்கும். செடிகள் பெருகப் பெருகக் காக்கை வரும், அதனால் இரண்டாவது தடவை நடும்போது ஒரு பொம்மை நிச்சயம் வேண்டும். 50 மரக்கட்டை, 1 கரி, 20 நார். நார், களைகளை அரிவாளால் வெட்டினால் கிடைக்கும். அதற்குத் தெம்பே போகாது என்பதால், மற்ற எல்லாம் தீர்ந்துபோன சாயங்காலத்தில் அதைச் செய்யுங்கள்.

பார்ஸ்னிப்பை மொத்தமாக விற்றுவிடாதீர்கள். ஒன்றை எடுத்துப் பெட்டியில் போடுங்கள். எந்தப் பயிராக இருந்தாலும், எந்த மீனாக இருந்தாலும், புதிதாகக் கிடைத்ததில் ஒன்று பெட்டிக்கு. ஐந்தாம் தேதிக்குப் பிறகு மழையில்லாத ஒரு நாளில், காலை 8 முதல் மதியம் 1 மணிக்குள் பேருந்து நிறுத்தம் வழியாக ஊருக்குள் நுழைந்தால் பாழடைந்த சமூகக் கூடத்தைக் காட்டும் காட்சி வரும். அந்தக் கூடத்தின் ஒவ்வொரு அறையும் சில பொருட்களைக் கேட்கும். வசந்தப் பயிர் தொகுப்புக்கு பார்ஸ்னிப், பீன்ஸ், காலிஃப்ளவர், உருளைக்கிழங்கு, ஒவ்வொன்றிலும் ஒன்று. விட்டுவிட்டால் பொதுவாக அடுத்த வருட வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தொகுப்பு இருக்கும் அறையை முழுக்க முடித்தால் எல்லாப் பருவத்திலும் எல்லாப் பயிரும் விளையும் பசுமைக்குடில் கிடைக்கும். ஆட்டத்தில் கிடைக்கும் பரிசுகளில் அதுதான் சிறந்தது என்பேன்.

எதை நடுவது

வசந்தம் 28 நாள். கோடை 1ஆம் தேதி விடிந்ததும் நிலத்தில் நிற்கும் வசந்தப் பயிர் எல்லாம் பட்டுப்போகும். அதனால் நடும் முன் நாட்களை எண்ணுங்கள். பார்ஸ்னிப் 4 நாள், விதை 20, விலை 35. உருளைக்கிழங்கு 6 நாள், விதை 50, விலை 80, சில சமயம் ஒரே செடியில் இரண்டு கிடைக்கும். காலிஃப்ளவர் 12 நாள், விதை 80, விலை 175. பீன்ஸுக்கு விதை 60. முதலில் 10 நாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை காய்க்கும், ஒரு காய்க்கு 40. காலிஃப்ளவரை 16ஆம் தேதிக்குப் பிறகும், உருளையை 22க்குப் பிறகும் நடாதீர்கள்.

இங்கேயும் தெம்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலிஃப்ளவர் ஒன்றுக்கு லாபம் 95, ஆனால் பன்னிரண்டு நாள் தண்ணீர் ஊற்றினால் 24 தெம்பு. அதே கட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு உருளை போட்டால் லாபம் குறைந்தது 60, தண்ணீருக்கு அதே 24, கூடவே குழி எதுவும் புதிதாக வெட்ட வேண்டாம். ஒரே செடியில் இரண்டு கிடைக்காவிட்டால் லாபத்தில் காலிஃப்ளவர் மேல். ஆனால் உருளையின் காசு ஆறே நாளில் திரும்பக் கைக்கு வரும், அதை உடனே அடுத்த விதையில் போடலாம். கையில் காசு குறைவாக இருக்கும் முதல் வாரத்தில் உருளை, இரண்டாவது வாரத் தொடக்கத்தில் காலிஃப்ளவர் என்று போவது எனக்குச் சரியாக வருகிறது.

13ஆம் தேதி முட்டைத் திருவிழா. காலை 9 மணியிலிருந்து 2 மணிக்குள் ஊர்ச் சதுக்கத்துக்குள் நுழைய வேண்டும். அங்கே பியர் போட்டிருக்கும் கடையில் ஸ்ட்ராபெரி விதை ஒன்று 100 கோல்டு. முதல் வருட வசந்தத்தில் நிச்சயமாகக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இது. எட்டு நாளில் முதல் பழம், பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை, ஒரு பழம் 120. திருவிழா முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி இரவு 10 ஆகியிருக்கும். அன்றைக்கே இருட்டில் நட்டாக வேண்டும் என்று பலர் அரக்கப் பரக்க வேலை செய்வார்கள். தேதியை எண்ணிப் பாருங்கள்: 13இல் நட்டால் 21, 25 என்று இரண்டு அறுவடை. 14 காலையில் நட்டால் 22, 26 என்று அதே இரண்டு. 16 வரைக்கும் இரண்டு அறுவடை வரும். அதனால் படுத்துத் தூங்கி, 14 காலையில் முழுத் தெம்போடு எழுந்து நிதானமாக நடுங்கள். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எதுக்குடி இந்த அவசரம்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். சரியான கேள்வி.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் கையில் 1000 கோல்டாவது சேர்த்து வைக்கப் பாருங்கள். வேறு எதையும் அப்போது வாங்க வேண்டாம்.

தெம்பு தீர்ந்த பிறகும் நாள் உண்டு

பட்டை சிவப்புக்குப் போகும் முன் நிறுத்துங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் களைத்துப்போவீர்கள், நடை மெதுவாகும், மறுநாள் குறைந்த தெம்போடுதான் எழுவீர்கள். அதற்குப் பதில், பட்டை கால்வாசிக்கு வந்ததும் கருவியை ஓரம் வைத்துவிட்டு நடக்கக் கிளம்புங்கள்.

வசந்தத்தில் காட்டிலும் ஊர் ஓரங்களிலும் டாஃபடில், லீக், டேன்டிலயன், வைல்ட் ஹார்ஸ்ராடிஷ் என்று நான்கு வகை தானாக முளைத்துக் கிடக்கும். நான்கிலும் ஒவ்வொன்று சேர்த்தால் இன்னொரு தொகுப்பும் முடியும். பண்ணைக்குத் தெற்கே சின்டர்சாப் காட்டின் தென்கிழக்கு மூலையில் வெங்காயத் தாள் முளைக்கும். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது, ஆனால் ஒன்று தின்றால் 13 தெம்பு. முதல் இரண்டு வாரத்துக்கு அதுதான் இலவசச் சாப்பாடு. 15 முதல் 18 வரை புதர்களில் இளஞ்சிவப்பாக சாமன்பெரி தொங்கும். புதர் பக்கம் போய்ப் பேசும் பட்டனை அழுத்தினால் உதிரும். ஒன்றுக்கு 25 தெம்பு. அந்த நான்கு நாளும் பண்ணையிலிருந்து மலை வரை கண்ணில் படும் புதரையெல்லாம் உலுக்கிப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். அப்புறம் சுரங்கத்துக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

மீன்

கன்ட்ரோலரில் மீன் பிடிப்பது முதலில் கஷ்டம். பட்டனை அழுத்திப் பிடித்து விட்டால் தூண்டில் போகும், மீன் கடித்ததும் ஒரு தட்டு. பிறகு வரும் பெட்டியில் மீன் படம் மேலும் கீழும் ஓடும், நம் பச்சைப் பட்டை அதை மூடியபடி இருக்க வேண்டும். பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பட்டை வேகம் எடுத்து மேலே முட்டும், விட்டால் கீழே விழுந்து துள்ளும். அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் விரலைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பட்டை அந்தரத்தில் நிற்கும். இந்தத் தட்டு விரலுக்குப் பிடிபட்டுவிட்டால் மீதி தானாக வரும். வில்லி கடையில் 25 கோல்டுக்கு ட்ரெயினிங் ராட் கிடைக்கும், அதில் பச்சைப் பட்டை பெரிதாக இருக்கும், சாதாரண மீன் மட்டும் மாட்டும். தயங்காமல் வாங்குங்கள். மலை ஏரியில் கார்ப் பிடித்துப் பழகுங்கள், அது நிதானமாக நகரும் மீன்.

சுரங்கம்

ஐந்தாம் நாள் காலை, பாறைச் சரிவு அகற்றப்பட்டது என்று கடிதம் வரும். ஏரிக்குப் பக்கத்தில் சுரங்க வாசலில் மார்லன் என்பவர் ஒரு துருப்பிடித்த வாள் தருவார். மொத்தம் 120 தளம். ஐந்து தளத்துக்கு ஒருமுறை லிஃப்ட் நிற்கும், அடுத்த தடவை அங்கிருந்தே தொடரலாம். ஆக ஒரு பயணத்தின் குறிக்கோள் அடுத்த ஐந்தோ பத்தோ தளம். கல்லை எல்லாம் உடைத்துக்கொண்டு நிற்காமல், இறங்கும் ஏணி தெரிந்தால் இறங்கிவிடுங்கள். ஆரஞ்சுப் புள்ளி வைத்த செம்புக் கற்களுக்கு மட்டும் தெம்பைச் செலவழியுங்கள். வாளுக்குத் தெம்பு போகாது, ஆனால் அடிபட்டால் உயிர்ப் பட்டை குறையும். அதனால் சாமன்பெரி பையில் இருக்கட்டும்.

செம்புக் கல் முதலில் கிடைத்த பிறகு கொல்லர் கிளின்ட் காலையில் வீட்டுக்கு வந்து உலை செய்யும் முறையைக் கொடுப்பார். ஐந்து செம்புக் கல்லும் ஒரு கரியும் போட்டால் ஒரு பாளம். 40ஆம் தளத்தைத் தாண்டினால் இரும்பு வரும். விவசாயம் இரண்டாம் லெவலுக்கு வந்ததும் ஒரு செம்புப் பாளம், ஒரு இரும்புப் பாளத்தில் சாதாரண ஸ்ப்ரிங்க்ளர் செய்யலாம். நான்கு கட்டத்துக்குத்தான் தண்ணீர் தெளிக்கும் என்று பலர் அதை மதிப்பதில்லை. எனக்கு அது தினமும் காலையில் மிச்சமாகும் 8 தெம்பு. ஐந்து வைத்தால் 40. ஆறாம் லெவலில் எட்டுக் கட்டத்துக்குத் தெளிப்பது வரும், அதுவரை இது போதும்.

காசு சேர்ந்தால் முதலில் பியர் கடையில் 2000 கோல்டுக்குப் பெரிய பை, 24 இடம். பிறகு கருவிகள். ஒவ்வொன்றையும் செம்புக்கு மாற்ற 2000 கோல்டும் ஐந்து பாளமும். மாற்றக் கொடுத்தால் இரண்டு நாள் கருவி கையில் இருக்காது, பூவாளி விஷயத்தில் இது ஆபத்து. டிவியில் வானிலை பார்த்துவிட்டு, நாளை மழை என்று சொன்னால், இன்றைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து மாலை 4 மணிக்குள் கிளின்ட்டிடம் கொடுங்கள். மறுநாள் மழை பார்த்துக்கொள்ளும். அதற்கடுத்த நாள் காலை 9 மணிக்குப் போய் வாங்கி வந்து ஊற்றிவிடலாம், ஒரு செடியும் தாகத்தில் நிற்காது.

ஊர்க்காரர்கள்

யாரிடமும் பேசாமல் பண்ணையை மட்டும் பார்த்துக்கொண்டும் இதை ஆடலாம். அப்படி ஆடினால் இதன் உயிரை விட்டுவிடுவீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒருவருக்கு வாரத்தில் இரண்டு பரிசு கொடுக்கலாம், ஒரு நாளைக்கு ஒன்று. ஞாயிறு வந்தால் கணக்கு புதிதாகும். பேசினால் 20 நட்புப் புள்ளி, மிகவும் பிடித்த பொருளைக் கொடுத்தால் 80. பிறந்தநாளில் கொடுத்தால் அது எட்டு மடங்கு. 250 புள்ளிக்கு ஒரு இதயம். பிறந்தநாள்கள் ஊர்ச் சதுக்கத்தில் பியர் கடைக்கு வெளியே இருக்கும் நாட்காட்டியில் போட்டிருக்கும். 18ஆம் தேதி பாமின் பிறந்தநாள். அவருக்கு மிகவும் பிடித்தது பார்ஸ்னிப். பெட்டியில் ஒன்று இருக்கும்தானே, எடுத்துக்கொண்டு மாலையில் சலூனுக்குப் போனால் அங்கே இருப்பார். ஒரே ஒரு பார்ஸ்னிப்புக்கு இரண்டு இதயத்துக்கு மேல் ஏறும்.

அம்மாவுக்கு ஜார்ஜ் தாத்தாவைத்தான் பிடித்திருந்தது. சக்கர நாற்காலியில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், போனவுடன் சிடுசிடுப்பார். முதலில் இரண்டு தடவை முகத்தில் அடித்த மாதிரிப் பேசினார். அம்மா விடவில்லை. காட்டில் லீக் கிடைத்தால் விற்காமல் தனியாக எடுத்துவைத்து, வாரத்துக்கு இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். ஜார்ஜுக்கு மிகவும் பிடித்த பொருள் லீக் என்று நான் சொல்லவே இல்லை. வயசானவருக்குக் கீரை மாதிரி ஏதாவது கொடுக்கலாம் என்று அவராகவே நினைத்தது. ஒரு நாள் ஜார்ஜின் பேச்சில் சுடுசொல் குறைந்ததைக் கவனித்து, "பாரேன், இன்னிக்குத் திட்டல" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லீக்குக்கு 60 கோல்டு கிடைக்கும், முதல் வசந்தத்தில் அது சின்னக் காசில்லை. இருந்தாலும் நானும் இப்போது லீக்கை விற்பதில்லை.

இதற்கெல்லாம் தெம்பு ஒன்றும் செலவில்லை. கருவியை ஓரம் வைத்த பிற்பகல்கள் முழுக்க இவர்களுக்குத்தான்.

தூக்கமும் சேவும்

கட்டிலில் படுத்துத் தூங்கினால்தான் ஆட்டம் சேவ் ஆகும். நடுவில் எங்கும் ஆகாது. கன்சோலை ஸ்லீப் மோடில் போட்டால் ஆட்டம் அப்படியே நிற்கும், ஆனால் அது சேவ் அல்ல. மின்சாரம் போனாலோ, வேறு ஒருவர் வேறு விளையாட்டைத் திறந்தாலோ அன்றைய நாள் போய்விடும். வீட்டில் கன்சோலைப் பலர் பயன்படுத்தினால், நாளை முடித்துவிட்டு எழுந்திருப்பது என்று எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மெனு திறந்திருக்கும்போது கடிகாரம் நிற்கும் என்பதால் போன் வந்தால் மெனுவைத் திறந்து வைத்துவிட்டுப் போகலாம்.

நள்ளிரவுக்கு முன் படுத்துவிடுங்கள். தாமதமாகப் படுத்தால் மறுநாள் தெம்பு முழுதாக வராது. 2 மணிவரை வெளியே இருந்தால் விழுந்த இடத்திலேயே மயக்கம், கையில் இருக்கும் கோல்டில் பத்தில் ஒரு பங்கு வரை, அதிகபட்சம் 1000, போய்விடும். சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வர நேரம் பிடிக்கும், 11 மணி அடித்ததும் கிளம்பினால் சரியாக இருக்கும். வேலை முடிந்துவிட்டால் சாயங்காலம் 5 மணிக்கே படுத்தாலும் தப்பில்லை.

மூன்றாம் வருட ஆரம்பத்தில் தாத்தாவின் ஆவி வந்து பண்ணையை மதிப்பிடுவார். அதை நினைத்து முதல் வசந்தத்தில் விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பிறகு ஒரு வைரம் வைத்து மறுபடி மதிப்பிடச் சொல்லலாம்.

28ஆம் தேதி

கடைசி நாளில் விளைந்ததெல்லாம் பறித்து, தொகுப்புக்கு வேண்டியதைப் பெட்டியில் வைத்து, மற்றதை வீட்டுப் பக்கத்தில் இருக்கும் விற்பனைப் பெட்டியில் போடுங்கள். காசு இரவில் கைக்கு வரும். கோடை 1 திங்கட்கிழமை, பியர் கடை திறந்திருக்கும், கோடை விதைகள் அன்றுதான் வரும். புளூபெரி விதை 80 கோல்டு. பதிமூன்று நாளில் முதல் காய்ப்பு, பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் மூன்று பழம், ஒன்று 50. கோடை 1இல் நட்டால் 14, 18, 22, 26 என்று நான்கு அறுவடை, ஒரு செடிக்கு 600. வசந்தத்தின் கடைசி வாரத்தில் சேர்த்த காசை இதற்கென்று வையுங்கள். ஒன்றாம் தேதி காலை, கடை திறக்கும் 9 மணிக்கு முன்னால் பட்டுப்போன செடிகளை அரிவாளால் வெட்டித் தள்ளிவிடுங்கள். 270உம் அப்படியே மிச்சமிருக்கும்.